மாண்புமிகு உறுப்பினரின் தாயாருக்குப் பல் விழுந்த வரலாறு

என் மாமியாரை நான்தான் பத்து மாதம் சுமந்து பெற்றேன். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வடக்கே பனிக்கடலோரம் எங்கள் ஊரான துவாபக்கில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது.

என் கணவர் துலுகாக்கின் அம்மா நிவியாக், கடல் உறைந்து கிடந்த ஒரு குளிர்காலத்தில் மார்ச்சளியில் இறந்துபோனார். அப்போது என் வயிற்றில் இருந்த குழந்தை பனி உருகுவதற்குள் பிறந்துவிட்டது. பெண். அதற்கு நிவியாக் என்றே பெயரிட்டோம். எங்கள் வழக்கத்தில், இறந்தவர் பெயர் வந்தால் ஆளும் வந்தாயிற்று. அன்று முதல் என் கணவர் தொட்டிலைப் பார்த்து "அம்மா" என்றார். நான் "அத்தை" என்றேன். பேச்சு வந்ததும் அத்தையும் அவரை "மகனே" என்றும் என்னை "மருமகளே" என்றும் கூப்பிட ஆரம்பித்தார். முன்பு இருந்தபோது நான் இறைச்சியை அளவுக்கு மீறி வேகவிடுகிறேன் என்பார். இப்போதும் அதையேதான் சொல்கிறார். உயிரோடிருந்த காலத்தில் என்னைச் சிறிதும் நம்பாதவர், பக்கத்திலிருந்து கண்காணிப்பதற்காகவே என் வயிற்றில் வந்து இறங்கினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அரசாங்கத்துக்கு இந்த விவரம் தெரியாது. அத்தை இறந்த ஆண்டின் கோடையில் ஒரு அதிகாரி விமானத்தில் வந்து வீடு வீடாக விசாரித்தார்.

"நிவியாக் என்ற மூதாட்டி இருக்கிறாரா?"

"இருக்காங்க. உள்ள தூங்குறாங்க. பால் குடிச்சுட்டு இப்பதான் கண்ணசந்தாங்க" என்றார் என் கணவர்.

அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, எழுப்ப வேண்டாம் என்று சொல்லி, மூதாட்டி இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனார். நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவரும் ஒரு தப்பும் செய்யவில்லை. இப்படித் தப்பே நடக்காத இடத்தில்தான் எனக்குப் பயம் வரும்.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு என் கணவரைத் தேர்தலில் ஜெயிக்க வைத்தார்கள். வடக்கை ஆளும் மன்றம் அதுவரை தெற்கே ஒரு நகரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பற்றி எங்களிடம் கேட்காமலேயே முடிவெடுத்துக்கொண்டிருந்தது. இனுயிட் மக்களாகிய எங்களில் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்று அவர்களுக்கே ஒருநாள் தோன்றியிருக்கிறது. வாக்குப் பெட்டியோடு வந்த அதிகாரி, வாக்கு ரகசியம் என்று மூன்று தடவை சொன்னார். ரகசியமாகச் செய்கிற காரியம் என்ன நல்ல காரியமாக இருக்கப்போகிறது என்று பயந்து, எல்லோரும் பெயரை உரக்கச் சொல்லிவிட்டே குத்தினார்கள். எதிர்த்து நின்றவர் கடைக்காரர். அவரை அனுப்பிவிட்டால் கடையை யார் திறப்பது, தேயிலைக்கு எங்கே போவது என்று ஊர் யோசித்தது. என் கணவர் போனால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவருக்கு விழாத ஒரே வாக்கு அவருடையது. தன் பெயருக்குத் தானே குத்துவது வெட்கங்கெட்ட வேலை என்று கடைக்காரருக்குப் போட்டுவிட்டார்.

"இத்தனை வருஷமா கேக்காதவங்க இப்ப எதுக்குங்க கூப்பிடுறாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு நாற்காலி மிச்சமா இருக்காம்."

"காலி நாற்காலியை யாரும் சும்மா காட்ட மாட்டாங்க. அடியில ஏதாவது இருக்கும். பாத்து உக்காருங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், பள்ளிக்கூட விமானம். போன ஆகஸ்டுக்கு முந்தைய ஆகஸ்டில் அது நட்சிக் என்ற பக்கத்து ஊரில் இறங்கி, ஏழு வயதான பிள்ளைகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனது. ஒரு முழு வருடம் கழித்துத் திரும்பி வந்த ஒரு பையனுக்கு அவன் அம்மா பேசியது புரியவில்லை. அவள் நீட்டிய சீல் என்ற கடல்நாயின் இறைச்சியை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தான். அடுத்த ஆகஸ்டில் துவாபக்கின் முறை என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். அத்தைக்கு ஏழு முடிந்திருந்தது.

"இதோ பாருங்க, நீங்க மன்றத்துல எது வேணா பேசுங்க, இல்ல வாயை மூடிட்டு இருங்க. அத்தையை அந்த விமானத்துல ஏத்தக்கூடாது. அதுக்காகத்தான் உங்களை அனுப்புறேன்."

அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தார். "ஆமாடா மகனே. நான் எங்கயும் போக மாட்டேன். நாய்க்குட்டிக்கு இன்னும் கண்ணே திறக்கல" என்றார்.

உறுப்பினர் கூட்டத்துக்கு வரும்போது மனைவியையும், ஆதரவு தேவைப்படும் தாயாரையும் உடன் அழைத்து வரலாம் என்று விதி இருந்தது. அத்தையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நல்வாழ்வுத் துறையின் ஆக்லண்ட் என்ற அதிகாரி, எங்கள் கடையில் இருக்கும் இருவழி வானொலியில் விசாரித்தார். நடுவில் மொழிபெயர்த்தவன் எங்கள் ஆள், சகியாசி. மன்றத்தில் வேலை பார்ப்பவன், வேறு ஊர்க்காரன்.

"தாயார் உடம்பு எப்படின்னு கேக்கிறாரு அண்ணே."

"நல்லாருக்காங்க. முன்பல்லு ஒண்ணு ஆடுது. ரொம்ப தூரம் நடந்தா தூக்கச் சொல்வாங்க."

"ராத்திரி உதவி வேணுமா?"

"சில ராத்திரி படுக்கை நனைஞ்சுடும்."

"சொன்னது ஞாபகம் இருக்குமா?"

"அவங்களுக்கு வேண்டியது மட்டும் இருக்கும்."

பிறகு ஆக்லண்ட் மிக மென்மையான குரலில் ஏதோ சொன்னார். "அவரோட அப்பாவும் இப்படித்தான் இருந்தாராம். எல்லா ஏற்பாடும் பண்றேங்கிறாரு" என்றான் சகியாசி.

ஏற்பாடு என்றால் சக்கர நாற்காலி. விமானத்திலிருந்து இறங்கியபோது அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தாதி நின்றாள். பக்கத்தில் பூங்கொத்தோடு அவைத்தலைவர் பெம்பர்ட்டன். பின்னால் ஒரு பத்திரிகைப் படக்காரன். கடுங்குளிர். அத்தை தலையிலிருந்து கால்வரை கரிபு மானின் தோலுக்குள் இருந்தார். தொப்பியின் ரோம விளிம்புக்குள் மூக்கின் நுனிகூடத் தெரியவில்லை. சக்கரம் வைத்த நாற்காலியைப் பார்த்ததும் அவரே ஏறி உட்கார்ந்துகொண்டார். தாதி மேலும் இரண்டு போர்வைகளைச் சுற்றினாள்.

பெம்பர்ட்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "தாய்மார்களை இம்மன்றம் என்றுமே மதித்து வந்திருக்கிறது. எங்களில் பலருக்கும் தாய்மார்கள் இருந்திருக்கிறார்கள். இதோ, எழுபத்திரண்டு வயதான இந்தப் பெருமாட்டியின் முகத்தில், வடக்கு அனுபவித்த நூற்றாண்டுத் துயரை நான் காண்கிறேன். அதைத் துடைக்கவே நாங்கள் இத்தனை ஆண்டுகள் இங்கே, இந்த நகரத்திலேயே தங்கியிருக்கிறோம்."

போர்வைக்குள்ளிருந்து, "இதைத் தள்ளச் சொல்லுடா மகனே, வேகமா!" என்று குரல் வந்தது.

"தாயார் என்ன சொல்கிறார்?" என்றார் பெம்பர்ட்டன்.

"மன்றம் இன்னும் வேகமா முன்னேறணுமாம்" என்றான் சகியாசி.

படக்காரன் படம் எடுத்தான். மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அத்தையின் கையுறையைப் பிடித்தபடி பெம்பர்ட்டன் நின்றார். அவர் அதைச் சட்டம் போட்டு, தம் அறையில் மேசைக்கு மேலே மாட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

மன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் கறுப்பு அங்கி போட்ட ஒருவர் பெரிய தடி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து வந்தார். வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் செய்த தடி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். தடியை மேசைமேல் படுக்கவைத்ததும் உட்கார்ந்தார்கள்.

"யாரை அடிக்க?" என்று சகியாசியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"யாரையும் அடிக்க மாட்டாங்க அக்கா. அது மேசைல இல்லேன்னா பேசுறது செல்லாது."

ஆயுதத்தை நடுவில் வைத்துவிட்டு ஒருவரையொருவர் மாண்புமிகு என்று கூப்பிட்டுக்கொள்ளும் இடத்தில் நான், பார்வையாளர் மாடத்தில், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். இருவருக்குள் சண்டை என்றால் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. இருவருமே பெம்பர்ட்டனைப் பார்த்துத்தான் திட்டினார்கள். அவர் இருவருக்கும் நன்றி சொன்னார். ஒரு காரியம் பிடித்திருந்தால் குழுவுக்கு அனுப்பினார்கள், பிடிக்காவிட்டாலும் குழுவுக்கு அனுப்பினார்கள். என் கணவர் முதல் வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. சிந்தனையாளர் என்று பெயர் கிடைத்தது.

பள்ளி விமானத் தீர்மானம் அடுத்த வாரம் வந்தது. கல்வித் துறையின் இயக்குநர் விட்டேக்கர் எழுந்தார். ஒல்லியான மனிதர். எதையும் ஓரக்கண்ணால்தான் பார்ப்பார்.

"பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து நாம் பிரிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். உண்மை அதுவல்ல. பெற்றோரை அவர்கள் இருந்த இடத்திலேயே விட்டுவைக்கிறோம். நகர்வது பிள்ளைகள் மட்டுமே. விடுதிக் கட்டடம் முடிந்துவிட்டது. கட்டில்களும் வந்துவிட்டன. ஆளில்லாத கட்டில்களை ஒரு நாகரிக சமுதாயம் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? வடக்கின் குழந்தைகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறோம். அவர்களில் சிலரை நேரில்கூடப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு வேண்டியது என்ன என்பதில் எங்களுக்குள் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை."

மேசையைத் தட்டினார்கள். தட்டி முடித்த பிறகு என் கணவர் எழுந்தார். சகியாசி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான்.

"எங்கம்மாவை விமானத்துல ஏத்தாதீங்க. அவங்க இல்லேன்னா எங்க வீட்டுல யாரும் சிரிக்க மாட்டாங்க. என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. மகனேன்னு கூப்பிட ஒருத்தங்கதான். பாடம் சொல்லிக் கொடுக்கணும்னா எங்க ஊர்லயே ஒரு பள்ளிக்கூடம் வையுங்க. வாத்தியாருக்கு நாங்க சாப்பாடு போடுறோம்."

மன்றம் உருகிவிட்டது. பெம்பர்ட்டன் மூக்கைச் சிந்தினார். "உறுப்பினர் தம் தாய்மண்ணையே தாயாக உருவகித்துவிட்டார். இத்தகைய கவிதையை இம்மன்றம் கேட்டதில்லை. ஆனால் உருவகங்களைத் தீர்மானத்தில் சேர்க்க விதி இடம் தரவில்லை" என்றார்.

அப்போது, அன்றுதான் முதன்முறையாக மன்றத்துக்கு வந்திருந்த அத்தை, பார்வையாளர் மாடத்தின் கம்பிமேல் ஏறி நின்று கத்தினார்: "நல்லா பேசினடா மகனே! பசிக்குது, வாடா போலாம்!"

வெப்பமான கூடத்தில் அத்தையை யார் தோலுக்குள் சுற்றி வைப்பது? இரண்டு பின்னல்களோடும் ஆடும் பல்லோடும் அவர் எல்லோருக்கும் தெரிந்தார். விட்டேக்கர் மெல்லத் தலையைத் திருப்பினார். முதலில் அத்தையைப் பார்த்தார். பிறகு என் கணவரை. பிறகு என்னை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பனியில் சீலின் மூச்சுத்துளையைக் கண்டுவிட்ட வேட்டைக்காரனின் பார்வை அது.

மறுநாளே ஒரு குழு அமைத்தார்கள். சிறப்புரிமை மற்றும் வயது நிர்ணயக் குழு என்று அதற்குப் பெயர். சகியாசி வந்து விளக்கினான்.

"அண்ணே, விஷயம் இதுதான். இது உங்கம்மா இல்லேன்னு ஆயிட்டா, நீங்க பொய் சொல்லி மன்றத்தை ஏமாத்தினதா அர்த்தம். பதவி போயிடும். பாப்பா ஆகஸ்ட்ல விமானம் ஏறணும்."

"யாருடா பாப்பா?" என்றார் அத்தை.

"மன்னிச்சுக்கங்க ஆத்தா."

"அம்மாதான்னு ஆயிட்டா?" என்றேன் நான்.

"எழுபத்திரண்டு வயசுக் கிழவியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப எந்தச் சட்டத்துலயும் இடம் இல்ல அக்கா."

நீளமான மேசைக்குப் பின்னால் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் பெம்பர்ட்டன், ஒரு பக்கம் விட்டேக்கர், மறு பக்கம் ஒரு டாக்டர் உறுப்பினர். அவர் வைத்தியம் பார்ப்பதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஓரமாக ஆக்லண்ட். தடியையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

விட்டேக்கர் என் கணவரைக் கேட்டார். "இவர் யார்?"

"எங்கம்மா."

"இவரைப் பெற்றது யார்?"

"என் பொண்டாட்டி."

"உங்கள் தாயை உங்கள் மனைவி பெற்றார் என்கிறீர்களா?"

"ஆமாங்க. கூடாரத்துலதான். நான் வெளிய நாய்ங்களைப் பிடிச்சுட்டு நின்னேன்."

விட்டேக்கர் மற்றவர்களை வெற்றியோடு பார்த்தார். பிறகு அத்தையிடம் குனிந்து, "நீ குழந்தைதானே?" என்றார்.

அத்தை மூக்கைச் சுருக்கினார். எங்களிடம் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். தும்மல் வருகிறது போலும் என்று எழுதுபவர் எழுதிக்கொண்டார்.

"உன் வயது என்ன?"

பதில் சொல்ல அத்தை வாயைத் திறந்தார். ஊரிலிருந்தே ஆடிக்கொண்டிருந்த பல் அந்த நேரத்தில் கழன்று, மேசைமேல் விழுந்து, உருண்டு, தடியின் மேல் மோதி நின்றது.

"பாருங்கள்! பல் விழுகிறது! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்று விட்டேக்கர் துள்ளி எழுந்தார்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்லை வெகுநேரம் பார்த்தார். "எழுபதுக்கு மேல் இது இயல்புதான். எனக்கே போன மாதம் இரண்டு போயிற்று" என்றார்.

"ஐயா, இது பால்பல்!"

"பெரிய உருவங்கள் இல்லாத இனம், திரு. விட்டேக்கர். பல்லும் சிறிதாக இருக்கலாம்."

விட்டேக்கர் பெம்பர்ட்டனிடம் திரும்பினார். "அவைத்தலைவர் அவர்களே, இந்தச் சிறுமியைப் பார்த்தாலே தெரியவில்லையா?"

பெம்பர்ட்டன் நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் இவரைப் பார்த்தேன், திரு. விட்டேக்கர். பார்த்துத்தான் வரவேற்றேன். பத்திரிகை பார்த்தது. மாநிலத் தலைநகரில்கூடப் பார்த்தார்கள். ஒரு குழந்தையின் முகத்தில் நான் நூற்றாண்டுத் துயரைக் கண்டேன் என்று இந்தக் குழுவின் முன் சொல்ல விரும்புகிறீர்களா?"

ஆக்லண்ட் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலிக்குக் கையெழுத்திட்டது அவர்.

"அப்படியானால் இவளைப் பெற்றதாகச் சொல்லும் பெண் சொல்லட்டும்" என்றார் விட்டேக்கர், ஓரக்கண்ணால் என்னைக் காட்டி. "பதிவில் ஒன்றைத்தான் சேர்க்க முடியும். இவர் உங்கள் மாமியாரா, மகளா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"இரண்டும் இயலாது."

"ஏன் இயலாது? இருக்காங்களே."

"ஒருவர் ஒருவராகத்தான் இருக்க முடியும், அம்மணி. அரசாங்கம் அந்த அடிப்படையில்தான் இயங்குகிறது."

சகியாசி என் காதருகே குனிந்தான். எப்போதும் இருக்கும் கேலி அவன் குரலில் இல்லை. "அக்கா, யோசிச்சுச் சொல்லு. மகள்னு சொன்னா ஆகஸ்ட்ல விமானம். மாமியார்னு சொன்னா உனக்குப் பிள்ளையே இல்லேன்னு எழுதிக்குவாங்க. எழுதினதுதான். நாளைக்கு மாத்த முடியாது. அவங்களா பாத்து உனக்குத் திருப்பித் தர மாட்டாங்க."

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் என்னை அவசரப்படுத்தக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அத்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு, பல் இருந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். அந்தப் பிரசவம் நினைவுக்கு வந்தது. விடியும்வரை கூடாரத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். வெளியே நாய்கள் குரைத்தன. முதல் அழுகை கேட்டபோது, மாமியார் வந்துவிட்டார் என்று ஊர் சந்தோஷப்பட்டது. நான் மட்டும் யாருக்கும் தெரியாமல், என் மகள் என்று ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"மாமியார்" என்றேன்.

பெம்பர்ட்டன் பெருமூச்சு விட்டார். இத்தம்பதியருக்குக் குழந்தை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அதற்காக மன்றம் தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தது. ஆக்லண்ட் மேசையில் கிடந்த பல்லை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கும் அறையில் என் கணவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். "அவங்க எழுதினா நமக்கு இல்லாம போயிடுமா?" என்றார்.

"அவங்க எழுதினதை வச்சுத்தானே வந்து தூக்கிட்டுப் போறாங்க."

அந்த வார்த்தையை அவர் மறக்கவில்லை என்பது அடுத்த கூட்டத்தில் தெரிந்தது. எழுந்து நின்று, துவாபக்கில் எங்கம்மா மாதிரி இன்னும் நிறைய பேர் இருக்காங்க, குழு நேரில் வந்து ஒவ்வொருவரையும் சோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எப்படி வருவது என்று பெம்பர்ட்டன் கேட்டார். குளிர்காலத்தில் விமானம் நட்சிக் வரைதான், அதற்கு மேல் நாய்ச்சறுக்கு வண்டி, வழியில் பனிவீட்டில் தங்கலாம், வயிற்றுப்போக்கு வந்தால் வெளியே போகும்போது கரடியைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று என் கணவர் உள்ளதைச் சொன்னார். குழு அன்று மாலையே, போகாமலேயே முடிவுக்கு வந்தது. அந்தந்த வீட்டுப் பெண்கள் வானொலியில் உறுதிமொழி சொன்னால் போதும்.

ஊர் திரும்பியதும் கடையின் பின்னறையில் வானொலி முன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை ஒப்புக்கொடுத்தாள். இவன் என் மாமனார், இவள் என் பெரியம்மா, இவர் என் செத்துப்போன அண்ணன் என்று. எல்லாம் நிஜம்தான். சொல்லிவிட்டு எழுந்தபோது யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. பக்கத்து வீட்டுக் கௌமாக் மட்டும் சிரிக்கப் பார்த்தாள். "என் பையன் எனக்கு மாமனார்னு ஊருக்கே தெரியும். ஆனா இப்ப அரசாங்கத்துக்கும் தெரிஞ்சுபோச்சே. இனிமே அவரை எப்படிடி குளிப்பாட்டுறது?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

உள்ளூர்ப் பள்ளிக்கூடம் கேட்ட என் கணவரின் மனுவுக்கும் பதில் வந்தது. துவாபக்கில் பள்ளி வயதுக் குழந்தைகள் எவரும் இல்லாத காரணத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

ஆகஸ்டில் விமானம் வந்தது. விரிகுடா நீரில் இறங்கிக் கரையோரம் மிதந்தது. உள்ளே யாரும் ஏறப்போவதில்லை என்று தெரிந்திருந்தும் பெண்கள் எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்து நின்றோம். விட்டேக்கர் வரவில்லை. அவர் சந்தேகம் மட்டும் வந்திருந்தது. முதியோர் நிலையை நேரில் பார்த்து எழுத ஆக்லண்டை அனுப்பியிருந்தார். கூடவே சகியாசி. சரக்குப் பெட்டியில் கம்பளிகள், ஊன்றுகோல்கள், மூட்டுவலித் தைலம்.

ஆக்லண்ட் ஊரைச் சுற்றி நடந்தார். முதியவர்கள் கடலில் கல் எறிந்துகொண்டிருந்தார்கள். ஒரு முதியவர் எண்ணெய்ப் பீப்பாய்மேல் நின்று குதித்தார். இன்னொருவர் ஊன்றுகோலைக் குதிரையாக்கி ஓடினார். கௌமாக்கின் மாமனார் மூக்கில் விரலை விட்டுக்கொண்டு ஆக்லண்டையே பார்த்தார். பிள்ளைகளிடம் நாங்கள் நடிக்கச் சொல்லவில்லை. நடித்தால்தான் மாட்டிக்கொள்வோம்.

"எல்லோரும் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள்" என்றார் ஆக்லண்ட்.

"மீன் நிறைய சாப்பிடுறோம்" என்றார் என் கணவர்.

ஆக்லண்ட் எழுதிக்கொண்டார். அவர் நிஜமாகவே நம்புகிறாரா என்று நான் முகத்தை உற்றுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. எதையும் காட்டாத முகத்தை எங்கள் பக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். தெற்கிலிருந்து வந்தவரிடம் இருந்தால் அதை நம்பக் கூடாது.

புறப்படும் நேரம். விமானி புதியவன். நல்லவன்தான், விஷயம் தெரியாதவன். ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி ஏற்றிப் பழகிய கை. விமானத்தின் மிதவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அத்தையை இடுப்பைப் பிடித்து ஒரே தூக்கில் மேலே தூக்கினான். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்த துணை விமானி முடுக்க, இயந்திரம் உறுமியது.

"அம்மா!"

இத்தனை வருடங்களில் அந்தச் சொல்லை அவர் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. விமானியின் கையைக் கடித்து, கீழே குதித்து, தண்ணீரில் விழுந்து எழுந்து, "அம்மா! அம்மா!" என்று என்னை நோக்கி ஓடி வந்தார்.

ஆக்லண்ட் திரும்பினார். அவர் கையில் பென்சில் இருந்தது.

நான் அசையவில்லை. கையை நீட்டினால், "என்னடா கண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னால், எல்லாம் போயிற்று. என் பிள்ளை மட்டுமல்ல. கௌமாக் மூச்சு விடாமல் என்னைப் பார்த்தாள். எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். ஈரத்தோடு வந்து என் காலைக் கட்டிக்கொண்ட அந்த உடம்பு நடுங்குவது எனக்கு முழங்காலில் தெரிந்தது. என் இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

என் கணவர்தான் பேசினார். நிதானமாக, மன்றத்தில் பேசுவதுபோல. "வயசானவங்க. பயந்துட்டா, பெத்தவளைத்தான் கூப்பிடுவாங்க."

சகியாசி மொழிபெயர்த்தான்.

ஆக்லண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அப்பாவும் கடைசி நாட்களில் அப்படித்தான். எண்பத்தொரு வயது. எந்தக் கதவு சத்தம் கேட்டாலும் அம்மா என்பார்" என்றார். பிறகு பென்சிலைச் சட்டைப் பைக்குள் வைத்தார். என்னைப் பார்த்து, வெகு மரியாதையாக, "மருமகள் அவரைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாமே. குளிர்கிறது" என்றார்.

அரசாங்கத்தின் அனுமதியோடு குனிந்து என் மகளைத் தூக்கி, மார்போடு அணைத்துக்கொண்டேன். விமானம் நீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, மலைக்கு அப்பால் மறையும்வரை விடவில்லை.

"மெதுவா மருமகளே, மூச்சு முட்டுது" என்றார் அத்தை.